“நீ போய் விளையாடு!”

(நம் சங்கத்தின் குடும்ப சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாச் செயலாளர் போன் செய்து, “எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க. எல்லாருக்கும் உபயோகப்படற மாதிரி கால் மணி நேரம் பேசுப்பா” என்றார். “எனக்கு மெஷின் ஷாப்பைத் தவிர என்ன சார் தெரியும்?” என்று கேட்டேன். “அதையே வீட்டோட சேர்த்துப் பேசு” என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே, சின்னக் குழந்தைகளை வீட்டு வேலையில் சேர்த்துக் கொள்வதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இதில் நான் நிபுணன் இல்லை. முதலில் தோற்று, பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டவன்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஹாஸ்டலில் இருந்தபோது லீவுக்கு ஊருக்குப் போகும் பையில் என்ன கொண்டு போனோம்? சிரிக்கிறீர்கள், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அழுக்குத் துணி! நாலு பேண்ட், ஏழெட்டு சட்டை, ஒரு போர்வை. புத்தகம் ஒன்றுகூட இருக்காது. மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, “அம்மா, பசிக்குது” என்போம். அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லாமல் துணியை ஊறவைப்பாள். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை முதல் தடவையிலேயே பாஸ் செய்த நான், ஒரு வாளித் துணியை ஒழுங்காக அலசத் தெரியாமலே பட்டம் வாங்கினேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை. வெட்கம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். நானும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. லால்குடி பக்கத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்த என் அம்மா, பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அந்த வாரம் பார்த்து என் மனைவிக்கு ஐதராபாத்தில் ஐந்து நாள் பயிற்சி. “அஞ்சு நாள்தானே, நான் பார்த்துக்கறேன்” என்று வீராப்பாகச் சொல்லி ரயில் ஏற்றிவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி. ஒரு சோறு, ஒரு ரசம் என்று ஏதோ பண்ணிவிட்டேன். அம்மா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தடுமாறித் தடுமாறிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும், யாரும் சொல்லாமலே என் மகள் எழுந்து அப்பாயியின் தட்டை எடுத்தாள். அப்படியே என் தட்டு. அதன்மேல் தன் தட்டு. தம்பி தட்டுக்கும் கையை நீட்டினாள். ஃபேக்டரியிலிருந்து வந்த போனைப் பேசிக்கொண்டே இருந்த நான், அப்போதுதான் கவனித்து, “டேய் தம்பி, உன் தட்டை நீ எடுத்துட்டுப் போ” என்றேன்.

அவன் அடம் பிடிக்கவில்லை, குறும்பும் செய்யவில்லை. இரண்டும் ரெண்டும் நாலு என்று சொல்வதைப்போலச் சொன்னான்: “அது அக்கா வேலைப்பா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யாருடா உனக்குச் சொன்னது?” என்று அதட்டினேன். அவன் பதில் சொல்லவில்லை. அக்கா கையில் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தான். நடுவில் இருந்தது என் தட்டு.

பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மா சொன்னாள்: “அவனை ஏன்டா வையற? உன்னைப் பார்த்துத்தானே படிச்சிருக்கான். நீயும் நாலு வயசுல டம்ளரைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடியே வருவ. நான் கழுவறேன்னு அழுவ. நான்தான் புடுங்கிக்கிட்டு, ‘நீ போய் விளையாடு சாமி’ன்னு அனுப்பிடுவேன். அதைப் பாசம்னு நெனச்சேன். இப்ப அந்தப் பொண்ணு உன் தட்டையும் சேர்த்துத் தூக்குது.”

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. என்னுடைய ‘நீ போய் விளையாடு’ ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மகனுக்கு இரண்டரை வயதிருக்கும்போது, ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், “நான் தர்றேன்” என்று தோசை மாவுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலடி வந்திருப்பான். மாவெல்லாம் தரையில். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் கத்திய கத்து பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். “உன்னை யாருடா கூப்பிட்டது? போய் விளையாடு!” அவன் போய் விளையாடினான். சொன்ன பேச்சைக் கேட்டான். அதற்குப் பிறகு அவன் சமையலறைப் பக்கம் வேலை செய்ய வந்ததாக எனக்கு நினைவில்லை. மகள் பெண் குழந்தை என்பதால் யாராவது மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவனை யாரும் கூப்பிடவில்லை.

நண்பர்களே, குழந்தைகளை வேலைக்குப் பழக்குவது எப்படி என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியே எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. அவர்கள் தாமாகவே வருகிறார்கள். நாம்தான் திருப்பி அனுப்புகிறோம்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. வார்னெகன், டொமசெல்லோ என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் இருந்தவர்கள், 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 18 மாதக் குழந்தைகள் 24 பேர். குழந்தைக்கு முன்னால் ஒருவர் கொடியில் துணி காயப் போடுகிறார். கிளிப் கைதவறிக் கீழே விழுகிறது. எட்டி எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. ‘எடுத்துக் கொடு’ என்று கேட்பதில்லை. கொடுத்தால் ‘சமத்து’ என்று பாராட்டுவதும் இல்லை. இப்படிப் பல சந்தர்ப்பங்கள். 24 பேரில் 22 பேர் ஒரு தடவையாவது தாமாகவே உதவிக்கு வந்தார்கள். கிளிப்பை வேண்டுமென்றே தூக்கிப் போட்டபோது அவர்கள் அப்படி ஓடி வரவில்லை. அதாவது, இவருக்கு உதவி தேவையா இல்லையா என்பது ஒன்றரை வயதிலேயே புரிகிறது!

மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில், எழுத்துக்கும் கணக்குக்கும் முன்னாலேயே, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேஜை துடைப்பது, தரை பெருக்குவது எல்லாம் வந்துவிடும். சாமான்கள் குழந்தையின் கைக்கு அளவாக இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளியில் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டிவிட்டு, ‘எங்க பையன் ஸ்கூல்ல பெருக்கறான்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே பையன் வீட்டில் விளக்குமாறைத் தொட்டால் பிடுங்கி வைக்கிறோம்!

பிடுங்குவது என்றதும் நம் ஒர்க்‌ஷாப் ஞாபகம் வருகிறது. முதல் வருஷம், ஃபிட்டிங் செக்ஷன். கையில் ஓர் இரும்புத் தகடும் ஓர் அரமும் கொடுத்து, “சதுரமாக்கு” என்று விட்டுவிடுவார்கள். ராவு ராவு என்று ராவுவோம். நடுவில் மேடு விழும், ஓரம் சரியும், கை கொப்பளிக்கும். கொண்டு போய்க் காட்டினால், அங்கே இருந்த இன்ஸ்ட்ரக்டர் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். “வெளிச்சம் தெரியுதா?” “தெரியுது சார்.” “எங்க தெரியுது?” “வலது ஓரத்துல சார்.” “போய்ப் போடு.” அவ்வளவுதான். நாம் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய தகட்டை அவர் நினைத்தால் சில நிமிஷத்தில் முடித்திருப்பார். ஆனால் ஒரு நாளும் நம் கையிலிருந்து அரத்தை வாங்கியதில்லை. தப்பு எங்கே என்று நம் கண்ணாலேயே பார்க்க வைத்தார். கையை மட்டும் நம்முடையதாகவே விட்டுவைத்தார். எத்தனையோ பெரிய பாடங்கள் மறந்துவிட்டன. அந்தத் தகடு மறக்கவில்லை.

வீட்டில் நான் என் மகனிடமிருந்து பிடுங்கியது அந்த அரத்தைத்தான் என்று அன்றைக்கு உறைத்தது.

சரி, உறைத்தபின் என்ன செய்தோம்? மனைவி திரும்பி வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, வீட்டை ஒரு ஷாப் ஃப்ளோர் மாதிரி சுற்றிப் பார்த்தோம். புது டிரெயினி ஒருவனை வேலைக்கு எடுத்துவிட்டு, டூலை ஏழடி உயரத்தில் வைத்தால் அவன் என்ன செய்வான்? எங்கள் வீட்டில் தட்டு, டம்ளர், துடைக்கிற துணி எல்லாமே ஐந்தரை அடி ஆளுக்காக வைத்தவை. எனவே முதல் வேலையாக, பிள்ளைகளின் தட்டையும் டம்ளரையும் ஸ்டாண்டின் அடித்தட்டுக்கு இறக்கினோம். ஸ்கூல் பை மாட்ட மூன்றடி உயரத்தில் இரண்டு கொக்கி அடித்தேன். நீண்ட விளக்குமாறை விட்டுவிட்டு, கைக்கு அடங்குகிற சின்னதாக ஒன்று. குப்பையை எங்கே கூட்டிச் சேர்ப்பது என்று தெரிய, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். தண்ணீர் ஊற்ற, பெரிய ஜக்கு வேண்டாம். ஒரு சின்னச் சொம்பு, அதிலும் பாதி.

இரண்டாவது, மஞ்சள் கோடு. ஃபேக்டரியில் இந்தக் கோட்டுக்கு உள்ளே வரக்கூடாது என்று வைத்திருப்போம் இல்லையா, அதேபோல அடுப்பைச் சுற்றி மூன்றடிக்கு மஞ்சள் டேப் ஒட்டினேன். அதற்குள் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. கத்தி, மிக்ஸி, வெந்நீர், குக்கர் ஆகியவையும் கிடையாது. பினாயில், பாத்ரூம் ஆசிட் எல்லாம் பூட்டிய மேல் அலமாரியில். தவழும், தத்தி நடக்கும் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் தண்ணீர் நிறைந்த வாளியைக் கூடக் கண்காணிப்பில்லாமல் விடாதீர்கள். கொஞ்சம் தண்ணீரே ஆபத்து. எல்லை தெளிவாக இருந்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் பயப்படாமல் விடலாம்.

மூன்றாவது, வேலையை உடைத்துச் சொல்வது. “ரூமைச் சுத்தம் பண்ணு” என்றால் நாலு வயசுக்கு ஒன்றும் புரியாது. டிராயிங் இல்லாமல் ஜாப் கொடுக்கிற மாதிரி. “காரெல்லாம் இந்தக் கூடைக்குள்ள” என்றால் புரியும். இரண்டு மூன்று வயதில், அழுக்குத் துணியைக் கூடையில் போடலாம், சாக்ஸை ஜோடி சேர்க்கலாம். நாலு ஐந்து வயதில், கறிவேப்பிலை உருவலாம், பச்சைப் பட்டாணி உரிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். பூண்டைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் தோல் தானாகக் கழன்று வரும். சின்ன விரலுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. ஆறு ஏழு வயதில், துண்டு மடிக்கலாம், அரிசியை டம்ளரில் அளந்து களையலாம், வாட்டர் பாட்டில் நிரப்பலாம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் முருங்கைக்கீரை. தரையில் பேப்பரை விரித்து நாலு பேரும் உட்கார்ந்துவிடுவோம். டி.வி. கிடையாது. என் மகன் ஸ்கூல் கதை எல்லாவற்றையும் சொல்வது அந்தக் கீரை நேரத்தில்தான்.

நான்காவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது: டாலரன்ஸ். பத்து மைக்ரானுக்குச் சண்டை போடுகிறவன் நான். மகள் மடித்த துண்டு ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் குறையும். ஒரு நாள் அவள் போனபிறகு எடுத்துத் திரும்ப மடித்துக் கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்துவிட்டாள். “அப்புறம் எதுக்குப்பா என்னை மடிக்கச் சொன்னீங்க?” பதில் இல்லை என்னிடம். ரீ-ஒர்க் பண்ணினால், செய்தவன் முன்னால் அவனையே பண்ண வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். துண்டு கோணலாக இருந்தாலும் தண்ணீரைத் துடைக்கும். சிந்தினாலும் இப்போது கத்துவதில்லை. “சிந்தினா துணி” என்பது வீட்டு விதி. துணி அவர்கள் கை எட்டும் கொக்கியில் தொங்குகிறது. நான் சிந்தினாலும் நான்தான் துடைக்க வேண்டும். மகன் அதைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி கவனிக்கிறான்.

இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இன்சென்டிவ் ஸ்கீம் போட்டேன்! ஒரு வேலைக்கு இரண்டு ரூபாய். முதல் வாரம் வீடு பளபளத்தது. மூன்றாவது வாரம் அம்மா, “கண்ணு, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் எடுத்துக் குடு” என்று கேட்க, மகன் நின்று நிதானமாக, “எவ்வளவு அப்பாயி?” என்றான். அன்றோடு ஸ்கீமை வாபஸ் வாங்கினேன். அந்த லைப்சிக் ஆராய்ச்சியாளர்களே 2008-இல் இதையும் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். உதவியதற்குப் பரிசு கொடுத்த 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும், ஒன்றுமே வாங்காமல் உதவிய குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்களாம். இப்போது காசு கிடையாது. சாப்பிடும்போது, “இந்தக் கீரை யார் உருவினது?” என்று கேட்போம். அது போதுமாக இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கும் என் ரூம்மேட் ஒருவன், நேற்று ராத்திரி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “உனக்கு இதெல்லாம் புதுசா இருக்கு. நான் அஞ்சாவது படிக்கும்போதே காலையில எட்டுக் குடம் தண்ணி சுமந்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவேன். நான் பட்டது என் புள்ள படக்கூடாதுடா.” அவன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டு வேலைக்காகவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் படிப்பு நின்றுபோன அக்காமார்கள் நம் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்தச் சுமையைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லவில்லை. படிப்பையும் விளையாட்டையும் தின்றுவிட்டுப் போகிற வேலை குழந்தைக்குக் கூடாது. நான் சொல்வது ஒரு நாளைக்குக் கால் மணி, அரை மணி. அதுவும் நம்மோடு சேர்ந்து. அவன் சுமந்த எட்டுக் குடத்தில் அவனுடைய அப்பா ஒரு குடம்கூடத் தூக்கியதில்லை என்று அவனே சொன்னான். கஷ்டம் அங்கேதான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு புள்ளிவிவரம் சொல்லி முடிக்கிறேன். மத்திய அரசு 2019-இல் நாடு முழுக்க, மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைத்தவர்கள், பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். அப்படிச் செய்தவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். இந்தக் கணக்கு எந்த வயதிலிருந்து தெரியுமா? ஆறு வயதிலிருந்து. என் மகள் அப்போதே ஒரு பக்கத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டாள், என் மகன் இன்னொரு பக்கத்துக் கணக்கில் சேரத் தயாராகிக்கொண்டிருந்தான். ‘அது அக்கா வேலை’ என்பது நாலு வயசுப் பையன் கண்டுபிடித்த சொல் இல்லை. நான் எடுக்காத தட்டிலிருந்து அவன் படித்தது. எனவே எங்கள் வீட்டில் போட்ட கடைசித் திருத்தம் பிள்ளைகளுக்கானது இல்லை, எனக்கானது. என் தட்டை நான் கழுவுகிறேன். மகளிடம், “தம்பி தட்டைத் தொடாதே” என்று சொல்லி நிறுத்த எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவளுக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழமாகப் போயிருந்தது.

இப்போது மகனுக்கு ஆறு வயது. தட்டு கழுவுகிறான் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் குளித்துவிட்டு வருகிறான். விளிம்பில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கும். சில நாள் மறந்துவிட்டு ஓடுவான், கூப்பிட்டால் முனகிக்கொண்டே வருவான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். கை எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் அவன் ஓடிப் போய் எடுத்தான். அம்மா பழக்க தோஷத்தில் கையை நீட்டி, “குடு சாமி, நீ போய்...” என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டு, “சரி, நல்லாத் தேச்சுக் கழுவு” என்றாள்.

நண்பர்களே, இன்னும் சற்று நேரத்தில் நம் பழைய மெஸ்ஸில் சாப்பாடு. அங்கே பரிமாறிய அண்ணன்மார்கள் நாலு வருஷம் நம் எச்சில் தட்டை எடுத்தார்கள். இன்றைக்கு உங்கள் குழந்தை சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போகட்டும். பக்கத்தில் உங்கள் தட்டோடு நீங்களும் போங்கள். கொஞ்சம் ரசம் சட்டையில் ஊற்றிக்கொள்ளும், லேட் ஆகும், பின்னால் வரிசை நிற்கும். தயவுசெய்து கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.